போதையில் சிக்கியோரும் மஹல்லாவின் கடமையும்

ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மக்கமாநகரில் வாழ்ந்த ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) அவர்கள் முன் ஒரு வினா வைக்கப்பட்டது. அபின் உண்ணும் பழக்கத்துக்கு ஆட்பட்ட ஒருவர், அதனை உண்ணாவிட்டால் உயிரே பிரிந்துவிடும் என்னும் நிலையை அடைந்துவிட்டார். அவர் குறித்து மார்க்கத்தின் தீர்ப்பு யாது?

இமாமவர்கள் அளித்த விடை இன்றும் ஆழ்ந்து படிக்கத்தக்கது. நிறுத்தினால் அவர் அழிந்துபோவார் என்பது உறுதியாகத் தெரியுமாயின், உயிரைக் காக்கும் அளவுக்கு அதனை உண்பது அவருக்கு ஆகும். அதற்கும் மேலாக, அது கடமையுமாகும். பசியால் சாகக் கிடப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாக்கப்பட்டது போன்றதே இதுவும். எனினும், அவர் அந்த அளவைச் சிறிது சிறிதாக, உடல் உணராத வண்ணம் குறைத்துக்கொண்டே வந்து, முடிவில் அதிலிருந்து விடுபட வேண்டும். அம்முயற்சியைக் கைவிட்டால் பாவியாவார். இத்தீர்ப்பை ஹனஃபீ மத்ஹபின் பிற்கால மேதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் தம் 'ரத்துல் முஹ்தார்' நூலில் எடுத்தெழுதி, நம் விதிகளும் இதற்கு முரணானவை அல்ல என்ற கைருத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்களின் கருத்தையும் உடன் பதிவுசெய்துள்ளார்கள்.

இத்தீர்ப்பில் போதைப்பொருள் ஹராம் என்பதில் எள்ளளவும் தளர்வில்லை. அதே வேளையில், அதற்கு ஆட்பட்ட உடல் மனவுறுதி ஒன்றினாலேயே ஒரே நாளில் மீண்டுவிடாது என்பதும், மீட்சி படிப்படியாக நிகழ்வது என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளன. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. மாதக்கணக்கில் நீளும் அந்த மீட்சிக் காலத்தில் அவர் பக்கத்தில் நிற்பவர் யார்? தாயா, மனைவியா, மருத்துவமனையா, ஊர் ஜமாஅத்தா? இக்கேள்விக்கு இக்காலத்தில் உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்ட விடையே 'சமூகம் சார்ந்த துணைப்பணி' என வழங்கப்படுகிறது. அதனை விளக்குவதும், அதில் நம் மஹல்லாக்கள் ஏற்கத்தக்க பங்கைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

நோயும் அதன் காலமும்

போதைக்கு அடிமையாதல் பற்றி மக்களிடையே இரு தவறான எண்ணங்கள் வேரூன்றியுள்ளன. அது வெறும் ஒழுக்கக்கேடு என்பது ஒன்று. சில நாள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் தீர்ந்துவிடும் என்பது மற்றொன்று. முதன்முதலாகத் தொட்டது அவருடைய குற்றமாகவே இருக்கலாம். ஆயினும் தொடர்ந்து பயன்படுத்துவதால் மூளையில் இன்ப உணர்வையும் தன்னடக்கத்தையும் ஆளுகின்ற பகுதிகளின் இயக்கமே மாறிவிடுகிறது. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்களை நிறுத்துங்கால் எழும் உடல் வேதனை ஏறத்தாழ ஒரு வாரத்தில் தணிந்துவிடும். அதன்மீதுள்ள ஏக்கமோ மாதங்களும் ஆண்டுகளும் நீடிக்கும். சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் மீண்டும் பழக்கத்தின் பக்கம் சறுக்குகின்றனர் என்பது ஆய்வாளர் தரும் கணக்கு. இவ்விகிதம் இரத்த அழுத்தம், ஈளை போன்ற நாட்பட்ட நோய்களில் காணப்படுவதற்கு ஒப்பானதே. நீரிழிவு நோயாளி ஒருவர் பத்தியம் தவறி மீண்டும் மருத்துவரிடம் வந்தால், "நீ திருந்தவே மாட்டாய்" என்று கூறி யாரும் அவரை வாசலில் நிறுத்துவதில்லை. போதையில் சறுக்கியவருக்கு மட்டும் அவ்வாறு செய்கிறோம்.

நம் நாட்டில் இதன் பரப்பு சிறிதன்று. மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 2.26 கோடி என்றும், அவர்களுள் உதவி தேவைப்படுவோர் சுமார் 77 லட்சம் என்றும் மதிப்பிட்டது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெற்றவர். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இத்தனை பேருக்கும் கட்டில் போட எந்த அரசாலும் இயலாது. போட இயன்றாலும் நோயின் பெரும்பகுதி கட்டிலில் கழிவதன்று. தெருவிலும், கடையிலும், நண்பர் வட்டத்திலும், அடுக்களை வாசலிலும் கழிவது அது.

ஆகவேதான் சிகிச்சையை மனிதர் வாழும் இடத்துக்கே கொண்டுசெல்லும் முறை உருவாயிற்று. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் இதனையே வலியுறுத்தி வருகின்றன. வீடு தேடிச் சென்று தொடர்பு கொள்ளுதல், கேள்வி கேட்காமல் உள்ளே வரவிடும் ஓர் இடம், வெளிநோயாளராக மருத்துவம், ஆற்றுப்படுத்தும் உரையாடல், தொழிலுக்கு வழி, குடும்பத்தாருக்குத் தனித்துணை, சறுக்கினால் மீண்டும் ஏற்றுக்கொள்ளல் ஆகியவை அதன் உறுப்புகள். மருத்துவமனையை இது விலக்கிவிடுவதில்லை. அதனைச் சங்கிலியின் ஒரு கண்ணியாக ஆக்குகிறது.

அடைத்துவைத்தலும் திறந்த கதவும்

இவ்விரு வழிகளையும் அடுத்தடுத்துக் கைக்கொண்டு பார்த்த முஸ்லிம் நாடு மலேசியா. அங்கு 1983-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, போதைக்கு அடிமையானவர் என உறுதிசெய்யப்பட்டோர் இரண்டாண்டு கட்டாய மறுவாழ்வு முகாம்களில் வைக்கப்பட்டனர். படைவீரர் பயிற்சி போன்ற ஒழுங்கு, உடலுழைப்பு, மார்க்க போதனை எல்லாம் அங்கு இருந்தன. ஆனால் வெளியே வந்தவர்கள் பெருமளவில் பழைய நிலைக்கே திரும்பினர். ஊசி வழியாக எச்.ஐ.வி.யும் பரவிற்று. எனவே 2005-இல் மெத்தடோன் சிகிச்சையையும், 2006-இல் தூய ஊசி வழங்கும் திட்டத்தையும் அரசு தொடங்கியது. 2010 முதல் முகாம்களுள் பல, தாமாக விரும்பி வருவோருக்கான திறந்த நிலையங்களாக மாற்றப்பட்டன.

இவ்விருவகை நிலையங்களிலிருந்தும் வெளிவந்தவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2017-இல் மருத்துவ இதழொன்றில் வெளியாயிற்று. கட்டாய முகாமிலிருந்து வந்தோர் மீண்டும் அபின் வகைப் பொருளைத் தொடுவதற்கு ஆன இடைநிலைக் காலம் 31 நாள்கள். மெத்தடோனுடன் கூடிய விருப்பச் சிகிச்சை பெற்றோருக்கு அது 352 நாள்கள். மருந்தின் பயனும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது என்பது மெய்யே. ஆயினும் பூட்டு மட்டும் ஒருவரை மாற்றிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. கட்டாயத் தடுப்பு முகாம்களை மூடுமாறு 2012-இல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் கூட்டாக வேண்டுகோள் விடுத்தன. மலேசியாவில் கட்டாயச் சிகிச்சை இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை.

அந்நாட்டின் முயற்சிகளுள் நம் கருத்தை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள அர்-ரஹ்மான் பள்ளிவாசலில், பல்கலைக்கழக மருத்துவர்களின் துணையோடு மெத்தடோன் வழங்கும் பணி தொடங்கப்பெற்றது. மருந்து பெற வந்தவர் அங்கேயே தொழுதார். பேச ஆள் கிடைத்தது. தாம் வெறுக்கப்படும் இடம் என அதுகாறும் எண்ணியிருந்த பள்ளிவாசலே அவருக்குத் துணை நிற்கும் இடமாயிற்று. மெத்தடோனும் அபின் வகையைச் சேர்ந்ததாயிற்றே, இது எங்ஙனம் ஆகும் என்று வினவுவோர் உண்டு. மருத்துவர் அளந்து, நாளுக்கு ஒருமுறை வாய்வழியே கொடுக்கும் இம்மருந்து மெதுவாகச் செயற்படுவது. உரிய அளவில் அது வேதனையையும் ஏக்கத்தையும் தணிக்கிறதேயன்றி மயக்கத்தைத் தேடித் தருவதில்லை. ஊசியும், அதன் வழிவரும் நோய்களும், அதற்காகச் செய்யும் திருட்டும் விலகுகின்றன. இரு தீங்குகளுள் இலேசானதை ஏற்றுப் பெரியதை விலக்குதல் என்னும் ஃபிக்ஹ் விதியும், நாம் தொடக்கத்தில் கண்ட இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் தீர்ப்பும் இவ்விடத்தில் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

நம் தமிழகத்திலும் பூட்டின் கொடுமைக்கு மறக்கொணாத சான்று உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் குன்றியோர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 உயிர்கள் பறிபோயின. அவர்களை அங்கே விட்டுச் சென்றவர்கள் பகைவர்கள் அல்லர், பெற்றோரும் உடன்பிறந்தோருமே. வேறு வழி அறியாமல் விட்டுச் சென்றனர். உரிமம் இல்லாத 'மறுவாழ்வு இல்லங்களில்' மகனை ஒப்படைத்துவிட்டு, அங்கு என்ன நடக்கிறதென்று கேளாமல் திரும்பும் பெற்றோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பயணியும் உடன்பயணியும்

போதைப்பொருள் விவகாரத்தில் ஈரான் மிகக் கடுமையான தண்டனைகளுக்குப் பெயர்பெற்ற நாடு. அந்நாட்டிலேயே சமூகம் சார்ந்த துணைப்பணி வேர்விட்டு வளர்ந்தது வியப்புக்குரியது. 1979 புரட்சிக்குப் பின் சிகிச்சை நிலையங்கள் மூடப்பட்டு, தண்டனையே வழியெனக் கொள்ளப்பட்டது. 1990-களின் நடுப்பகுதியில் கெர்மான்ஷாஹ் உள்ளிட்ட இடங்களின் சிறைகளில், ஊசியைப் பகிர்ந்துகொண்ட கைதிகளிடையே எச்.ஐ.வி. பரவியது தெரியவந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. கெர்மான்ஷாஹில் காமியார் அலாயீ, ஆரஷ் அலாயீ என்னும் மருத்துவச் சகோதரர் இருவர் 'முக்கோண நிலையம்' என்ற அமைப்பை உருவாக்கினர். போதைச் சிகிச்சை, பால்வினை நோய்ச் சிகிச்சை, எச்.ஐ.வி. சிகிச்சை மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைந்தமையால் அப்பெயர். உள்ளே நுழைபவர் எந்நோய்க்காக வந்தார் என்பது வெளியார்க்குத் தெரியாது. வெட்கத்தை மதித்து அமைக்கப்பட்ட இவ்வேற்பாடே மக்களை அங்கு வரவழைத்தது. உலக சுகாதார நிறுவனமும் அதனை முன்மாதிரியாக எடுத்துக்காட்டிற்று. 2005-இல் அந்நாட்டு நீதித்துறைத் தலைவர் ஆயத்துல்லாஹ் மஹ்மூத் ஹாஷிமீ ஷாஹ்ரூதீ, இத்தகைய மருத்துவப் பணிகளுக்கு இடையூறு செய்யலாகாது என நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தார். இவ்வளவுக்குப் பின்னும் அச்சகோதரர் இருவரும் 2008-இல் வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் சிறைப்படுத்தப்பட்டனர் என்பதும் வரலாறு. நற்பணி தொடங்குவது அரிது. அதைக் காப்பது அதனினும் அரிது.

அரசையும் மருத்துவரையும் சாராமல், மீண்டவர்களே நடத்தும் அமைப்புகளும் அங்கு உண்டு. அவற்றுள் 1990-களின் இறுதியில் ஹுஸைன் தெஷாகாம் என்பவர் தொடங்கிய 'காங்கிரஸ் 60' நம் கட்டுரைப் பொருளுக்கு மிக அணுக்கமானது. அவ்வமைப்பில் போதையிலிருந்து மீள முயல்பவரை 'அடிமை' என்று அழைப்பதில்லை. 'முஸாஃபிர்', அதாவது பயணி என்றே அழைக்கின்றனர். அவருடன் வரும் தாய், மனைவி, தந்தை, உடன்பிறந்தாருக்கு 'ஹம்ஸஃபர்', அதாவது உடன்பயணி என்று பெயர். பயணி ஏறத்தாழ 10, 11 மாதங்களில், குறித்த கால இடைவெளியில் அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறார். அவருக்கு வழிகாட்டுபவர், முன்பு அதே பாதையைக் கடந்து வந்தவர். உடன்பயணிகளுக்கு வேறு வழிகாட்டிகளும் வேறு அமர்வுகளும் உள்ளன; ஏனெனில் காயம் அவர்களுக்கும் பட்டிருக்கிறது. நானூறு ஆண்டுகளுக்கும் முன்னர் மக்காவில் எழுதப்பட்ட 'சிறிது சிறிதாகக் குறைத்தல்' என்னும் வழி, இங்கே மருந்தளவுக் கணக்கோடும் மனிதத் துணையோடும் இணைந்து நிற்கக் காண்கிறோம்.

மஞ்சக்குடி காட்டிய வழி

இவையெல்லாம் அரசின் கருவூலமோ பெருநகரின் வசதியோ உள்ள இடங்களில்தான் இயலும் என்று எண்ண வேண்டா. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். இப்பணிக்காக 1992-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நகரத்து மருத்துவமனைக்குச் சிற்றூரார் வருவதில்லை. வந்தாலும் கூலியை இழந்து ஒரு மாதம் தங்க இயலாது என்பதைக் கண்ட அந்நிறுவனம், 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் முகாம்கள் நடத்தத் தொடங்கிற்று.

அம்முறை எளிமையானது. உள்ளூரில் நன்மதிப்புள்ளோர் இடமளித்து, சிகிச்சைக்கு உரியவர்களை இனங்கண்டு, மனம் இசையச் செய்கின்றனர். மருத்துவக் குழு வந்து சுமார் பதினைந்து நாள் முகாம் நடத்துகிறது. மது நின்ற உடலுக்கு மருந்தும், குழு உரையாடலும் அளிக்கப்படுகின்றன. மனைவியரும் அழைக்கப்பட்டு அவர்தம் துயரம் செவிமடுக்கப்படுகிறது. முகாம் கலைந்தபின் மாதந்தோறும் தொடர்பு நீடிக்கிறது. குடித்துக் கிடந்த ஒருவர் ஊரறியச் சிகிச்சை பெற்று, ஊரறிய எழுந்து நடக்கையில், அடுத்தவருக்கும் துணிவு பிறக்கிறது. மருத்துவ அறிவு வெளியிலிருந்து வரலாம். இடம், நம்பிக்கை, பின்தொடர்தல் ஆகிய மூன்றையும் ஊரால்தான் தர முடியும். இம்மூன்றும் நம் மஹல்லாக்களிடம் முன்னமே இருக்கின்றன.

குடும்பம் என்னும் மற்றொரு நோயாளி

போதையில் சிக்கிய ஒருவருக்குப் பின்னால் குறைந்தது நான்கைந்து பேர் உறக்கமின்றி இருக்கின்றனர். நகை அடகுக்குப் போனதை மறைக்கும் மனைவி, வளைகுடாவில் உழைக்கும் கணவருக்குத் தெரியாமல் மகனின் கடனை அடைக்கும் தாய், தமையனால் தன் நிக்காஹ் தடைப்படுமோ என அஞ்சும் தங்கை எனப் பட்டியல் நீளும். இவர்களை நாம் சிகிச்சைக்கு ஆள்பிடித்துத் தரும் தூதர்களாக மட்டுமே காண்கிறோம். இவர்கள் தம்மளவிலேயே துணைக்கு உரியவர்கள் என்பதே இத்துறையின் முக்கியமான கண்டுபிடிப்பு.

பிரிட்டனில் ஜிம் ஆர்ஃபோர்டு முதலிய உளவியலாளர்கள் வகுத்த ஐந்துபடி முறை இதனை அடிப்படையாகக் கொண்டது. குடும்பத்தாரின் துயரைக் குறுக்கிடாது கேட்டல், நோயைப் பற்றிய செய்திகளைத் தருதல், அவர்கள் இதுவரை சமாளித்து வந்த வழிகளின் நன்மை தீமைகளை உடன் ஆராய்தல், துணைநிற்கக் கூடியவர்களை இனங்காணல், மேற்கொண்டு தேவைப்படும் உதவியை அறிதல் என்பன அப்படிகள். இதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஓர் ஆலிமாவோ ஆசிரியையோ செய்ய இயலும்.

அமெரிக்காவின் நியூமெக்ஸிகோவில் ராபர்ட் மையர்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் மேற்கொண்ட ஆய்வு மேலும் ஒரு படி செல்கிறது. சிகிச்சையை மறுத்துவந்த குடிநோயாளிகளின் உறவினர் 130 பேர் மூன்று பிரிவாக்கப்பட்டனர். உறவினர் எல்லாரும் கூடி நோயாளியை நேருக்குநேர் எதிர்கொள்ளும் முறையில் 100-க்கு 30 பேர் சிகிச்சைக்கு வந்தனர். உறவினர் தம் மனஅமைதியை மட்டும் நாடும் அல்-அனான் கூட்ட முறையில் 13 பேர் வந்தனர். குடும்பத்தாருக்கே திறன்களைக் கற்பித்த முறையிலோ 64 பேர் வந்தனர். 1999-இல் வெளியான இம்முடிவு பெரிதும் பேசப்பட்டது. அங்கே கற்பிக்கப்பட்டவை யாவை? தெளிவாக இருக்கும் வேளையில் அன்பாகப் பேசுவது. போதையில் இருக்கும்போது வாதாடாமல் விலகுவது. அவர் செய்ததன் விளைவைத் தாமே சுமந்து மறைக்காதிருப்பது. அடி உதைக்கு ஆளாகாமல் தம்மையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வது. அவரே மனம் நொந்து பேசும் தருணத்தில், அன்றே செல்லத்தக்க சிகிச்சைக்கு வழியை ஆயத்தமாக வைத்திருப்பது.

நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் வேறு. "கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்" என்று நிக்காஹ் முடித்துவைக்கிறோம். ஒருவர் துயரம் இருவர் துயரமாகிறது, ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்வு பணயமாகிறது. "ஸஃபர் அனுப்பிவிட்டால் சரியாகிவிடும்" என்று வளைகுடாவுக்கு விமானம் ஏற்றுகிறோம்; அந்நாடுகளின் போதைச் சட்டங்கள் எத்துணைக் கடுமையானவை என்பதை எண்ணுவதில்லை. அறையில் பூட்டி வைக்கிறோம். நாட்பட்ட குடிப்பழக்கத்தையோ தூக்கமாத்திரைப் பழக்கத்தையோ மருத்துவ உதவியின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகக்கூடும். அபின் வகைக்கு மாறானதோர் ஆபத்துண்டு. சில வாரம் விலகியிருந்தவர் மீண்டும் பழைய அளவையே ஏற்றிக்கொண்டால், தாங்கும் வலிமையை இழந்துவிட்ட உடல் மூச்சடங்கிப் போகும். சிறையிலிருந்தோ இல்லத்திலிருந்தோ திரும்பிய முதற் சில வாரங்கள் மிகுந்த விழிப்புக்குரியவை.

சட்டம் தரும் வாயில்

காவல்துறைக்கு அஞ்சியே பல பெற்றோர் வாய் திறப்பதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விற்பனைக்குக் கடுந்தண்டனை விதிக்கிறது. பயன்படுத்துவதையும் குற்றமாகவே கொள்கிறது. ஆயினும் அதன் 64-ஏ பிரிவு ஒரு வாயிலைத் திறந்துவைத்துள்ளது. பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமை, அரசு நடத்தும் அல்லது ஏற்பளித்த நிலையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை இடையில் கைவிட்டால் அவ்விலக்கு பறிக்கப்படலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் ஆகியவற்றால் விளையும் மனநலக் கேடுகளையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்து, நோயாளிக்குரிய மதிப்பையும் மறைகாப்பையும் உறுதிசெய்கிறது. 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும், 14416 என்னும் மனநல உதவி எண்ணும் உள்ளன. இவற்றை அறிந்த ஒருவர் ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்பின், எத்தனையோ தாய்மார்களின் அச்சம் பாதியாகக் குறையும்.

மஹல்லா செய்யத்தக்கவை

ஷாம் நாட்டைச் சேர்ந்த வலிமைமிக்க ஒருவர் கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் வந்துபோவது வழக்கம். சில காலம் அவரைக் காணாத உமர் (ரலி) அவர்கள் விசாரித்தார்கள். அவர் மதுவில் மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்டது. உமர் (ரலி) அவர்கள் எழுத்தரை அழைத்து, பாவங்களை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என அல்லாஹ்வைப் போற்றும் 'ஃகாஃபிர்' அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை எழுதி அவருக்கு அனுப்பினார்கள். உடனிருந்தோரை அவருக்காகத் துஆச் செய்யுமாறும் வேண்டினார்கள். மடலைத் திரும்பத் திரும்பப் படித்த அம்மனிதர் அழுது, மீண்டார். சகோதரர் ஒருவர் சறுக்கக் கண்டால் இவ்வாறே செய்யுங்கள், அவருக்கு எதிராக ஷைத்தானுக்குத் துணைபோகாதீர்கள் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதாக, இப்னு கஸீர் (ரஹ்) அவர்களின் தஃப்ஸீரில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

நாம் இதனை வெறும் நல்லுரையாகப் படித்துக் கடந்துவிடலாகாது. வராதவரைக் கவனித்தல், விசாரித்தல், பிறரறியாமல் தொடர்பு கொள்ளல், கண்டிப்பையும் நம்பிக்கையையும் ஒருங்கே தருதல், அவரைச் சுற்றி நன்மை நாடும் ஒரு கூட்டத்தை அமைத்தல் என ஒரு முழுத் துணைப்பணியின் உறுப்புகள் அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. தண்டனை நடைமுறையில் இருந்த காலத்திலேயே, மது அருந்தியமைக்காக மீண்டும் மீண்டும் கொண்டுவரப்பட்ட ஒரு தோழரைச் சபித்தவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றும் எடுத்துரைத்தார்கள். புகாரீயில் வரும் இச்செய்தி, தண்டித்தல் வேறு, தள்ளிவைத்தல் வேறு எனக் காட்டுகிறது.

போதையில் சிக்கியவரை ஜமாஅத்திலிருந்து விலக்குதல், அவர் வீட்டு நிக்காஹுக்குத் தஃப்தர் தர மறுத்தல், ஜனாஸாவுக்கு வராதிருத்தல் போன்ற தீர்மானங்களால் பழக்கம் ஒழிந்ததாகக் காணோம்; அது மறைவிடம் தேடிச் செல்வதையே காண்கிறோம். மகனின் நிலையை மறைத்த தாய், தீர்மானத்துக்குப் பின் இன்னும் ஆழமாக மறைக்கிறாள். சிகிச்சைக்கான நாள்கள் கழிந்துபோகின்றன. விற்பவரைப் பற்றிய கண்டிப்பு வேறு. அவர் விஷயத்தில் சட்டத்துக்கு ஒத்துழைப்பது ஊரின் கடமை. மணம் பேசும் பெண்வீட்டாரிடம் உண்மையை மறைப்பதும் ஆகாது. இவ்விரண்டையும் விட்டுக்கொடுக்காமலேயே நோயாளிக்குக் கதவைத் திறந்துவைக்க முடியும்.

அதற்குச் செய்யத்தக்கவை பெரிய செலவை வேண்டுவன அல்ல. வாய்ப்பூட்டு உடைய இருவர் அல்லது மூவரை, பெண்களுக்கென ஒரு பெண்மணி உட்பட, ஜமாஅத் நியமிக்கலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோடும், அரசின் ஏற்புப் பெற்ற மறுவாழ்வு நிலையத்தோடும் அவர்கள் முன்கூட்டியே தொடர்பு வைத்திருத்தல் வேண்டும். ஊசி வழியாக ஏற்றியவர்களுக்கு எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான சோதனையும் தேவை. வலிநிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பழக்கம் நம் நகர்ப்புற இளைஞரிடையே தலைகாட்டியுள்ள இந்நாளில் இது மிக இன்றியமையாதது. மீண்டு வந்தவருக்கு ஒரு கடையிலோ பட்டறையிலோ வேலை பெற்றுத் தருதல், மருந்துக்கு இணையான காப்பு. இஷாத் தொழுகைக்குப் பின்வரும் இரவு நேரமே பலருக்கும் சோதனைக்காலம். அவ்வேளையில் உடனிருக்கும் ஒரு நண்பர், நூறு உபதேசங்களினும் பயன் தருவார்.

தொழுகையும் திக்ரும் தவ்பாவும் மீட்சியின் உயிர்நாடி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஓதிப் பார்த்தலை மருத்துவத்துக்கு மாற்றாக நிறுத்துவது, மருந்தை நாடுமாறு ஏவிய நபிவழிக்கு ஒவ்வாது. இமாம்கள் இவ்விரண்டையும் இணைத்துச் சொன்னால் மக்கள் கேட்பார்கள். குத்பாவில் போதையின் கேட்டைச் சொல்லும் அதே மூச்சில், மீள விரும்புவோர் யாரை அணுகலாம் என்பதையும் சொன்னால், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தந்தைக்கு அது தம்மிடமே கூறப்பட்டதாகத் தோன்றும்.

செலவு பற்றிய கேள்விக்கு ஸகாத் ஒரு விடை. சம்பாதிப்பவர் சாய்ந்துவிட்ட குடும்பம் பெரும்பாலும் ஃபக்கீர், மிஸ்கீன் என்னும் பிரிவுகளுக்குள் அடங்கும். அக்குடும்பத்துக்கு ஸகாத் வழங்குவதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பணத்தை நோயாளியின் கையில் தராமல், மனைவியிடமோ தாயிடமோ சேர்ப்பதே அறிவுடைமை. மலேசியாவின் ஸகாத் அமைப்புகள் சில, போதையிலிருந்து விடுவித்தலையும் 'ரிகாப்', அதாவது அடிமைத்தளையிலிருந்து மீட்டல் என்னும் பிரிவில் சேர்த்துள்ளன. இவ்விரிவாக்கம் நம் மத்ஹபு நூல்களின் தெளிவான எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆதலால் நம் உலமாக்கள் கூடி ஆய்ந்து முடிவு சொல்லட்டும். அதுவரையில் ஸதக்காவும் பைத்துல்மாலும் எந்த ஐயத்துக்கும் இடமின்றித் திறந்தே இருக்கின்றன.

ஊரில் ஒருவர் இறந்தால் குளிப்பாட்டிக் கஃபனிட்டு அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா என்று நாம் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். சிலர் செய்தால் எல்லார் கடமையும் நீங்கும். ஒருவரும் செய்யாவிடில் எல்லாருமே குற்றவாளிகள். போதையால் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞரை மண்ணுக்குள் போகுமுன் மீட்பது, அவர் ஜனாஸாவைச் சுமப்பதினும் முந்திய கடமையன்றோ? அக்கடமையை முதலில் ஏற்கும் சிலராக நம்மை ஆக்கியருள வல்ல இறைவனை இறைஞ்சுவோமாக.